வேகம் தப்பில்லை, இடம்தான் தப்பு

காவல்கிணறு நால்வழிச் சாலையில் பைக்கில் பறக்கும் பயல்களைத் திட்டிப் பயனில்லை. வேகத்தில் ஆசை வைப்பது இன்று வந்ததல்ல. பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பிரான்சில் 'போல் தோர்' என்ற 24 மணி நேர பைக் பந்தயத்தை 1922-லேயே தொடங்கிவிட்டார்கள். இங்கும் சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்தது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனி ஓடுபாதையே வந்தது.

அங்கே எதிரே பஸ் வராது, குறுக்கே ஆடு பாயாது. தோல் உடுப்பு கட்டாயம். மஞ்சள் கொடி காட்டினால் முந்தக்கூடாது. ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும்.

ஆனால் நாகர்கோவிலிலிருந்து அது சுமார் 700 கிலோமீட்டர். கோவை ஓடுபாதையும் பக்கத்தில் இல்லை. தென்மாவட்டங்களுக்கென்று சிறிதாக ஒன்று வேண்டும் என்று நாம்தான் கேட்க வேண்டும். அதுவரை பேரனிடம் "ஓட்டாதே" என்று மட்டும் சொல்லாதீர்கள். "ரோட்டில் ஓட்டாதே மக்கா, அங்கே போய் ஓட்டு, ரயில் டிக்கெட் நான் எடுத்துத் தாரேன்" என்று சொல்லிப் பாருங்கள்.