தேனில் வேண்டாம், மாந்தோலில் எடுக்கலாம்

பாரூர் ஏரிப் பாசனத்தில் தென்னையும், சுற்றிலுள்ள மேட்டு நிலங்களில் மாவும் புளியும் நிறைந்த பகுதியில் தேனீப் பெட்டி வைத்திருப்போர், தேனிலுள்ள 'ஆன்டி ஆக்சிடென்ட்' பொருளைத் தனியே பிரித்து விற்றால் என்ன என்று எண்ணுவது இயல்பே. ஆனால் கணக்குப் பார்த்தால் அது கட்டுப்படியாகாது.

வெட்டிய வாழைக்காய் கறுப்பதும் எண்ணெய் காறிப்போவதும் ஆக்சிஜன் செய்யும் வேலை. இதைத் தடுப்பவையே ஆன்டி ஆக்சிடென்ட் பொருட்கள். குவர்செட்டின், காபியிக் அமிலம் போன்ற இவை பூக்களிலிருந்து தேனுக்கு வருகின்றன. ஆனால் ஒரு கிலோ தேனில் இவை பெரும்பாலும் ஒரு கிராமுக்கும் குறைவு. ஏறத்தாழ 80 சதவீதம் சர்க்கரை. மற்றது பெரும்பாலும் நீர்.

ஆய்வுக்கூடத்தில் தேனை அமிலம் கலந்த நீரில் கரைத்துப் பிசின் மணிகளின் வழியே செலுத்துவர். சர்க்கரை கழுவிப் போய்விடும். மணிகளில் ஒட்டிய பொருளை மெத்தனாலால் கழுவி எடுப்பது பழைய வழக்கம். மெத்தனால் எத்தகையது என்பதை 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்ட உயிர்களை இழந்து தமிழகம் அறிந்தது. அதற்குப் பதிலாக எரிசாராயமும் நீரும், அல்லது சர்க்கரையும் சிட்ரிக் அமிலமும் சேர்ந்த திரவமும் கொண்டு, ஒலி அதிர்வின் துணையோடு பிரித்தெடுக்கும் பசுமை முறைகள் வந்துள்ளன. வரவேற்க வேண்டியவையே. எனினும் ஒரு கிராமுக்காக ஒரு கிலோ நல்ல தேனைச் சர்க்கரைத் தண்ணீராக்குவானேன்? தரம் பார்க்கச் சில கிராம் தேன் போதும். அந்த அளவோடு இம்முறைகள் நிற்கட்டும்.

பிரித்தெடுக்க ஏற்ற சரக்கு பக்கத்திலேயே குவிகிறது. கிருஷ்ணகிரி மாவட்ட மாங்கூழ் ஆலைகளில் பெங்களூரா பழத்தின் தோல் கழிவாகிறது. பழ எடையில் தோல் 15 முதல் 20 சதவீதம். மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ராஸ்புரி, பாதாமி ரகங்களின் உலர்ந்த தோல் ஒரு கிலோவில் 55 முதல் 110 கிராம் வரை பாலிபீனால் இருந்தது. பெங்களூராவுக்கும் இதே அளவு என்று கொள்ளலாகாது. சோதித்தே சொல்ல வேண்டும். ஆயினும் தேன் எங்கே, தோல் எங்கே!

இதில் சிக்கல் இல்லாமல் இல்லை. ஈரத்தோல் விரைவில் அழுகும். ஆலையிலேயே உலர்த்த வேண்டும். எரிசாராயம் வைக்க உரிமம் வேண்டும்; அதை மீண்டும் வடித்துப் பயன்படுத்தினால்தான் செலவு குறையும். தனி உழவரால் ஆகாது. ஆலைகளும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் சேர்ந்தே செய்ய முடியும். அவ்வாறு செய்யும்போது தோலுக்கும் ஒரு விலை வைத்து உழவருக்குத் தர வேண்டும்.

தேன் வைத்திருப்போர் மெழுகு மூடிய அடைகளிலிருந்து மட்டும் எடுத்து, ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேற்படாமல் காப்பதே போதும். நேரடியாக அடுப்பில் காய்ச்சலாகாது. காய்ச்சிக் கறுத்த தேன் சில சோதனைகளில் ஆன்டி ஆக்சிடென்ட் மிகுந்ததாகவே காட்டும். அதை நம்பி ஏமாறக்கூடாது. அதில் நொதிகள் அழிந்து, எச்.எம்.எஃப். என்னும் பொருள் கூடியிருக்கும். கிலோவுக்கு 80 மில்லிகிராமைத் தாண்டினால் அத்தேன் உணவுத் தரத்தில் தேறாது.

மாந்தோப்பினர் கவனிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. பழத்தில் தங்கும் பூச்சிமருந்து தோலின் சாற்றிலும் சேரும். பூக்கும் காலத்தில் தெளிக்கும் மருந்தோ தேனீயைக் கொல்லும். பூ விரிந்தபின் மருந்தைத் தவிர்க்க முடியாவிட்டால், பெட்டிக்காரருக்கு முதல் நாளே சொல்லிவிட்டு, தேனீக்கள் கூடு திரும்பியபின் மாலையில் தெளிக்கலாம்.