மதுரைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை



செம்மேட்டில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி விடுமுறைக்குப் பிள்ளைகளை மதுரைக்குக் கூட்டிப்போகிறாளாம். இரண்டு நாளில் பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியல் போட்டு அனுப்பி, "சரியா இருக்கா சார்?" என்று கேட்டாள். எண்ணிப் பார்த்தேன். 14 இடங்கள்!

நம் மலைக்கு வருபவர்களைப் பார்த்து நாமே சிரிப்பதில்லையா? 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வருவார்கள். ஆகாய கங்கைக்குப் படி இறங்கி ஏற நேரமில்லை என்று அறப்பளீஸ்வரர் கோயில் வாசலில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அதையே நாம் மதுரையில் செய்யலாமா?

நானும் செய்தவன்தான். ஒரு பள்ளிச் சுற்றுலாவில் ஒரே நாளில் ஏழு இடம் காட்டினேன். திரும்பி வந்து கட்டுரை எழுதச் சொன்னால், பாதிப் பேர் ராத்திரி சாப்பிட்ட பரோட்டாவைப் பற்றி எழுதியிருந்தார்கள். பிள்ளைகள் மேல் தப்பில்லை.

இடங்களைக் குறையுங்கள். ஒன்றைப் பார்த்தால் இன்னொன்று விளங்குகிற மாதிரி தேர்ந்தெடுங்கள்.

முதல் நாள் காலை மீனாட்சியம்மன் கோயில். பகல் 12.30 வாக்கில் நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். அந்த நேரத்தை வீணாக்காமல் மேலமாசி வீதிக்கு நடந்து போங்கள். அங்கே ஒரு கதர்க் கடை இருக்கிறது. 1921 செப்டம்பர் 22 அன்று, தான் தங்கியிருந்த அந்த வீட்டு மாடியில்தான் காந்தி சட்டையை விட்டு, ஏழை விவசாயியைப் போல அரைவேட்டிக்கு மாறினார். பலரும் அதைக் கவனிக்காமலே தாண்டிப்போய் ஜிகர்தண்டா குடிக்கிறார்கள். (குடியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை.) பிறகு ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959 முதல் இருக்கும் காந்தி மியூசியம். 1948இல் சுடப்பட்டபோது அவர் உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. அந்த மாடியைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைக்கு இந்தத் துணியின் முன்னால் விளக்கம் எதுவும் தேவைப்படாது.

மறுநாள் கீழடி மட்டும். 2023இல் திறந்த அருங்காட்சியகம். தங்க நகை, தாயக்கட்டை எல்லாம் பிள்ளைகள் தாமாகவே பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் அவர்களைப் பானை ஓடுகளின் முன் நிறுத்துங்கள். ஆதன், குவிரன் என்று பெயர்கள் கீறியிருக்கும். வல்வில் ஓரி விழா பார்த்தே வளர்ந்த நம் பிள்ளைகளுக்குச் சங்க காலம் என்றால் அரசனும் வில்லும்தான். அரசன் அல்லாதவனும் தன் பானையில் தன் பெயரை எழுதி வைத்திருக்கிறான் என்பதை அங்கேதான் பார்க்கலாம். கைநாட்டு வைத்த பெற்றோரின் பிள்ளைகளுக்கு 'அ' போடக் கற்றுக்கொடுத்தவன் நான். உங்களில் பலர் அந்தப் பிள்ளைகள்தான். அந்த ஓடுகளுக்கு அரைமணி நேரம் கொடுங்கள்.

"திருமலை நாயக்கர் மகாலை விட்டுவிடலாமா சார்?" என்பீர்கள். விட்டுவிடுங்கள். அடுத்த முறை போக ஒரு காரணம் வேண்டுமே.

கிளம்புமுன் விடுமுறை நாளை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு நாள்.