ஆறு நாள் கட்டுப்பாடும் ஏழாம் நாள் கொத்தும்

உடல் எடையைக் குறைக்க முனைவோர் வாரத்தில் ஆறு நாட்கள் உணவைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்திவிட்டு, ஏழாம் நாளில் ஒரு வேளை விரும்பியதை விரும்பிய அளவுக்கு உண்ணலாம் என்பதும், அவ்வாறு உண்பது எடைக்குறைப்புக்குத் துணையே செய்கிறது என்பதும் இன்று பரவலாக நம்பப்படும் கருத்துகளாகும். 'சீட் மீல்' என்னும் ஆங்கிலப் பெயராலேயே வழங்கும் இவ்வழக்கத்துக்குக் கண்டி நகரம் வாய்ப்பான களமாகவும் அமைந்துள்ளது. மாலை மங்கியதும் கொத்து ரொட்டிக் கல்லில் தகடுகள் மோதும் ஓசை நகர மையத்தில் எங்கும் கேட்கிறது. புரியாணிக் கடைகளும் ரோல்ஸ், கட்லட், பற்றிஸ் அடுக்கிய பேக்கரிக் கண்ணாடிப் பெட்டிகளும் சில அடிகளுக்கு ஒருமுறை எதிர்ப்படுகின்றன. மேற்குறித்த இரு கருத்துகளும் ஒன்றல்ல என்பதை முதலிலேயே பிரித்துக்கொள்ளுதல் வேண்டும். எப்போதாவது வயிறார உண்ணலாம் என்பது ஓர் அனுமதி. அதனை மறுப்பதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. அவ்வாறு உண்பதே எடையைக் குறைக்கும் என்பதோ உடலியல் பற்றிய ஒரு கூற்று. அது சான்றுகளின் முன் நிற்பதில்லை. பின்னதன் பலத்தில் முன்னதை வாராந்தக் கடமையாக்கிவிட்டதே இங்கு நேர்ந்த பிழையாகும்.

இக்கூற்றின் முதன்மையான ஆதாரமாகக் காட்டப்படுவது அனுசேபம். உண்ட உணவை உடைத்து ஆற்றலாக்குவதும் அவ்வாற்றலைக் கொண்டு உடலைப் பேணுவதுமாகிய இரசாயனச் செயல்கள் அனைத்தையும் இச்சொல் குறிக்கிறது. உணவு குறைந்தால் உடலும் தன் செலவைக் குறைத்துக்கொள்கிறது என்பது உண்மையே. அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 1944, 1945ஆம் ஆண்டுகளில் ஆன்செல் கீஸ் 36 ஆடவரைக் கொண்டு நடத்திய அரைப்பட்டினி ஆய்வு இதனை ஐயமறக் காட்டியது. இதிலிருந்து, வாரத்துக்கு ஒருமுறை நிறைய உண்டால், அணையப்போகும் அடுப்பை ஊதிவிட்டாற்போல் அனுசேபம் மீண்டும் மூண்டெழும் என்று வாதிடுவோர், 1994இல் ஜெஃப்ரி பிரீட்மனின் ஆய்வுக்குழு கண்டறிந்த லெப்டின் என்னும் ஓமோனைத் துணைக்கு அழைக்கின்றனர். கொழுப்புக் கலங்களில் சுரந்து, உடலின் கொழுப்பிருப்பு எவ்வளவு என்பதை மூளைக்கு உணர்த்தும் இவ்வோமோன் உணவுக் கட்டுப்பாட்டின்போது குறைகிறது. ஆகவே ஒரு பெருவிருந்து அதனை உயர்த்தி, உடலின் செலவையும் உயர்த்திவிடும் என்பது அவர்களது விளக்கம்.

இவ்விளக்கத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அந்த அளவு எவ்வளவு என்பதை எவரும் சொல்வதில்லை. சுவிற்சர்லாந்து ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வில், உடல்நலமுள்ள பெண்களுக்குத் தேவைக்கு மேல் 40 சதவீத உணவு மூன்று நாட்கள் தொடர்ந்து கொடுக்கப்பட்டது. மிகையுணவு காபோவைதரேற்றாக, அதாவது மாச்சத்தும் சர்க்கரையுமாக இருந்தபோது லெப்டின் 28 சதவீதமும் உடலின் நாளாந்த ஆற்றற்செலவு 7 சதவீதமும் உயர்ந்தன. மிகையுணவு கொழுப்பாக இருந்தபோது இரண்டுமே குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை. நாளொன்றுக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு இதனைப் பொருத்திப் பார்த்தால், 800 கலோரி மேலதிகமாக உள்ளே போக, ஏறத்தாழ 140 கலோரி மேலதிகமாக வெளியேறுகிறது. எண்ணூறு ரூபாய் கடன் வாங்கி அதில் நூற்றுநாற்பதைத் திருப்பிக் கொடுத்தவர் தம் கடன் குறைந்துவிட்டதாகக் கூறுவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. தவிரவும், அவ்வாய்வில் உணவு மூன்று நாட்கள் அளந்து கொடுக்கப்பட்டதேயன்றி ஒரே இரவில் உண்ணப்படவில்லை. கண்டிக் கடைகளின் கொத்தும் பிரைட் ரைசும் எண்ணெயில் ஊறியவை என்பதால், பயன் தராத கொழுப்பின் பங்கும் அவற்றில் பெரிது.

அடுத்துக் காட்டப்படும் சான்று 2017இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வொன்று. அதில் பருமனான ஆடவரில் ஒரு பிரிவினர் பதினாறு வாரம் இடைவிடாது உணவைக் குறைத்தனர்; மற்றப் பிரிவினர் இரு வாரம் குறைத்தலும் இரு வாரம் இடைவேளையுமாக மாறிமாறி அதே பதினாறு வாரக் கட்டுப்பாட்டை நிறைவுசெய்தனர். முன்னவர் சராசரியாக 9 கிலோகிராம் அளவிலும் பின்னவர் 14 கிலோகிராம் அளவிலும் எடை குறைந்தனர். இடைவேளை பலனளித்தது என்னும் இம்முடிவு உண்மையானதும் சுவையானதுமாகும். ஆயினும் அந்த இடைவேளையில் அவர்களுக்கு விருந்து வைக்கப்படவில்லை. உடலின் தேவைக்குச் சமமான உணவு, கூடாமலும் குறையாமலும், இரு வாரம் அளந்தே கொடுக்கப்பட்டது. இதனை ஞாயிற்றுக்கிழமைக் கொத்துக்குச் சான்றாகக் காட்டுவோர் ஆய்வின் தலைப்போடு நின்றுவிட்டனர் போலும்.

ஆறு நாள் கட்டுப்பாடு ஒரு நாள் தளர்வைத் தாங்கிக்கொள்ளும் என்னும் வாதம் இவற்றினும் வலிமையுடையது. ஆகவே அதற்குரிய விடையும் எண்களாலேயே அமைதல் வேண்டும். உடற்கொழுப்பில் ஒரு கிலோகிராம் ஏறத்தாழ 7700 கலோரிக்குச் சமம் எனக் கொள்வது வழக்கம். நாளொன்றுக்கு 500 கலோரி குறைத்து உண்பவர் ஏழு நாட்களில் 3500 கலோரி குறைக்கிறார். அது சுமார் 450 கிராம் கொழுப்பு. இரண்டு மூன்று ரொட்டி, முட்டை, கோழியிறைச்சி, குழம்பு, எண்ணெய் யாவும் சேர்ந்த ஒரு முழுக்கொத்து, மென்பானத்தோடு 1200 கலோரியை எளிதில் தொடும் என்று கொண்டால், வழமையான 500 கலோரி இரவுணவின் இடத்தில் அதனை உண்பவருக்கு அன்று 700 கலோரி கூடுகிறது. வாரக் கணக்கு 2800 கலோரியாகச் சுருங்க, குறையும் கொழுப்பு 360 கிராம் ஆகிறது. ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. ஆனால் நான்கு பங்கு எஞ்சியிருக்கிறது. ஒரு வேளை உணவு எல்லாவற்றையும் பாழாக்கிவிடும் என்று அஞ்சுவோரின் கருத்தும் இதனால் அடிபட்டுப்போகிறது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

எனினும் 'வேளை' என்று தொடங்குவது 'நாள்' என்று முடிவதே வழக்கில் காணப்படுவது. காலையில் பாலப்பமும் கட்டைச்சம்பலும், நண்பகலில் புரியாணியும் வட்டிலப்பமும், மாலைத் தேநீரோடு பற்றிஸ் இரண்டும், இரவில் கொத்துமாக அந்நாள் 4000 கலோரியை எட்டினால், 2000 கலோரி தேவையுடையவர் ஆறு நாட்களில் குறைத்த 3000 கலோரியில் 2000 கலோரியை ஒரே நாளில் மீட்டுக்கொள்கிறார். வாரத்தின் பயன் 130 கிராம். ஆறு நாள் பசித்திருந்ததற்கு இது மிகச் சிறிய கூலியாகும். அவர் திங்கட்கிழமை காலை எடைபார்த்து ஒன்றரைக் கிலோகிராம் ஏறியிருப்பதைக் கண்டு திகைப்பதும், புதன்கிழமை அது இறங்கியதைக் கண்டு 'சீட் மீல் வேலை செய்துவிட்டது' என்று மகிழ்வதும் ஒரே அறியாமையின் இரு முகங்கள். ஈரலிலும் தசைகளிலும் சேமிக்கப்படும் கிளைக்கோஜன் என்னும் மாப்பொருள் ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் நீரைத் தன்னோடு பிடித்துவைத்துக்கொள்கிறது; உப்பும் நீரைத் தேக்குகிறது. ஏறியதிலும் இறங்கியதிலும் பெரும்பங்கு நீரேயன்றிக் கொழுப்பன்று.

உடலுக்கு இல்லாவிட்டாலும் மனத்துக்கு நன்மை உண்டு என்போர்க்கு ஓரளவு இடம் கொடுத்தே ஆகவேண்டும். 2016இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வு, நாள்தோறும் 1500 கலோரி உண்பதையும், ஆறு நாட்கள் 1300 கலோரியும் ஏழாம் நாள் 2700 கலோரியும் உண்பதையும் ஒப்பிட்டு, பின்னைய முறையில் ஊக்கம் தளராமல் நிற்பதையும் எடைக்குறைப்பு இரண்டிலும் ஒத்திருப்பதையும் கண்டது. கூட்டிப் பார்த்தால் இரண்டும் வாரத்துக்கு 10,500 கலோரி என்பது விளங்கும். ஏழாம் நாளும் அங்கே அளவுக்குட்பட்டது. அதற்குரிய விலை மற்ற ஆறு நாட்களிலேயே செலுத்தப்பட்டுவிட்டது. அளவில்லாத இன்பத்துக்கு இவ்வாய்வைச் சான்றாக்க முடியாது.

அளவு நீங்கினால் நிகழ்வது வேறு. 1975இல் ஹெர்மன், மேக் என்னும் இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், வழமையாக உணவைக் கட்டுப்படுத்தி வந்தவர்கள் மில்க் ஷேக் அருந்திய பின்னர், எதுவும் அருந்தாதபோது உண்பதைக் காட்டிலும் மிகுதியாக ஐஸ்கிறீம் உண்டனர். கட்டுப்பாடற்றவர்களோ மில்க் ஷேக் அருந்தியதற்கேற்பக் குறைத்தே உண்டனர். முழுக்க நனைந்தவனுக்கு முக்காடு எதற்கு என்னும் பழமொழியின் மனநிலை அது. ஜெர்மானிய ஆய்வாளர் வெஸ்டன்ஹோஃபர் 1991இல் இறுகிய கட்டுப்பாடு, நெகிழ்ந்த கட்டுப்பாடு என இருவகை பிரித்து, எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்று வாழும் முன்னைய வகையினரே கட்டிழந்து உண்பதில் மிக்கவர் எனக் காட்டினார். 'சீட்', அதாவது ஏமாற்று என்னும் பெயரே இறுக்கத்தின் அடையாளம். ஆறு நாளும் தாங்கவொண்ணாதவையாக இருப்பதாலேயே ஏழாம் நாள் தப்பியோட்டமாகிறது. திருத்த வேண்டியது அந்த ஆறு நாட்களின் தட்டு. அரைத்தட்டுச் சோறும் பருப்பும் இரண்டு மரக்கறியும் ஒரு துண்டு மீனும், விரும்பினால் செவ்வாய்க்கிழமையே ஒரு கட்லட்டும் இடம்பெறும் உணவுமுறைக்கு ஞாயிற்றுக்கிழமை விடுதலை தேவைப்படுவதில்லை.

நோன்பும் விருந்தும் நம் மரபில் என்றும் இருந்தவைதாமே, சீட் மீல் அவற்றின் புதுப்பெயர்தானே என்னும் வாதம் கண்டியில் தனி வலிமை பெறுகிறது. கந்தசஷ்டிக்கு ஆறு நாள் நோன்பிருந்து ஏழாம் நாள் காலை பாறணை செய்யும் சைவர், போயா நாளில் எண்சீலம் காத்து நண்பகலுக்குப் பின் திடவுணவு தவிர்க்கும் பௌத்தர், ரமழானில் நோன்பு திறக்கும் முஸ்லிம்கள் ஆகியோர் ஒரே நகரில் அருகருகே வாழ்கின்றனர். ஆறு நாளும் ஏழாம் நாளும் என்னும் எண்கூடப் பொருந்தி வருகிறது. ஆனால் கந்தசஷ்டி ஆண்டுக்கு ஒருமுறை வருவது. சீட் மீல் ஐம்பத்திரண்டு முறை வருவது. பாறணை நோன்பின் நிறைவேயன்றி நோன்புக்கு எதிரான பழிவாங்கலன்று. விருந்து என்னும் சொல்லைத் தொல்காப்பியம் புதுமை என்னும் பொருளில் ஆள்கிறது; புதிதாய் வந்தவரையும் அவருக்கு இடும் உணவையும் அது பின்னர் குறித்தது. வெசாக் தன்சலிலும் தீபாவளி வீட்டிலும் உணவின் நடுவே பிறர் இருக்கின்றனர். பூட்டிய அறையில் பார்சலைப் பிரிக்கும் தனியொருவரின் ஞாயிற்றிரவுக்கு விருந்து என்னும் பெயர் பொருந்தாது. மரபையும் இங்கு மிகையாகப் போற்றுதல் வேண்டியதில்லை. விரத நாளில் வடையும் பாயசமும் சவ்வரிசியுமாக வழமையைவிட மிகுதியாக உண்போரும் உளர்.

இவ்விவாதம் முழுவதும் நகரத்தின் ஒரு பகுதிக்கே உரியது என்பதையும் இடையில் குறித்தல் தகும். உணவுப் பணவீக்கம் 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி 94.9 சதவீதத்தைத் தொட்டபோது, கலஹா, தெல்தோட்டைப் பக்கத் தோட்ட லயன்களில் எழுந்த கேள்வி எந்த வேளையைக் கொண்டாடுவது என்பதன்று, எந்த வேளையை விடுவது என்பதே. மறுபுறம், 2015ஆம் ஆண்டின் தேசிய மதிப்பீட்டின்படி இலங்கையில் வளர்ந்தோரில் பத்துப் பேருக்கு ஏறத்தாழ மூவர் மிகையெடையினர்; நீரிழிவும் பரவியுள்ளது. இன்சுலினோ சர்க்கரை குறைக்கும் மாத்திரைகளோ எடுப்பவருக்கு ஆறு நாள் குறைத்தலும் ஒரு நாள் பெருக்கலும் எடைக் கணக்கோடு நின்றுவிடும் விடயமன்று; இரத்தச் சர்க்கரை முதலில் தாழ்ந்தும் பின்னர் உயர்ந்தும் இடர்தரும் என்பதால், அவர்கள் வைத்தியரைக் கேளாமல் இம்முறையில் இறங்குதல் ஆகாது.

எஞ்சியிருப்பது, உண்டதை நடந்து கரைத்துவிடலாம் என்னும் ஆறுதல். கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அமைத்த வாவியைச் சுற்றிய நடைபாதை மூன்று கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்டது. எழுபது கிலோகிராம் எடையுள்ள ஒருவர் அதனை ஒருமுறை சுற்றினால் ஏறத்தாழ 170 கலோரி செலவாகும். ஞாயிற்றிரவுக் கொத்தில் வழமைக்கு மேற்பட்ட 700 கலோரியைக் கரைக்க நான்கு சுற்றுகள், அதாவது மூன்று மணி நேரத்தை நெருங்கும் நடை வேண்டும். அன்றிரவே அவ்வளவு நடப்பவர் இல்லை. நாள்தோறும் காலையில் ஒரு சுற்று நடப்பவருக்குத் திங்கள் முதல் வியாழன் வரை நடந்தது அந்தத் தட்டுக்குப் போகிறது. வெள்ளியும் சனியும் ஞாயிறும் நடந்தது மட்டும் அவர் கணக்கில் நிற்கிறது.