இறையாண்மையும் வாய்தாவும்

உலகமயமாக்கல் நம் நாட்டின் இறையாண்மையைக் குறைத்துவிட்டது என்ற புகாரை வழக்கறிஞர் சங்கக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறோம். அதில் நியாயம் இல்லாமலில்லை. எனினும், குறைந்தது எது, அதற்குக் காரணஸ்தர் யார், பரிகாரம் யார் கையில் இருக்கிறது என்பவற்றை உணர்ச்சிவசப்படாமல் வழக்குக் கட்டுகளைப் புரட்டிப் பார்த்துச் சொல்லவேண்டிய கடமை, மற்ற எவரையும்விடச் சட்டத்தைத் தொழிலாகக் கொண்ட நமக்கே அதிகம்.

1994-ல் பிரிட்டனுடன் தொடங்கி, எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளுடன் இந்தியா முதலீட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கைகளைச் செய்துகொண்டது. அந்நிய முதலீட்டாளருக்கு நம் அரசாங்கம் இழைத்த குறைக்காக, நம் நீதிமன்றங்களைக் கடந்து, மூன்று நடுவர்கள் முன்னிலையில் நம் அரசாங்கத்தையே பிரதிவாதியாக நிறுத்தும் உரிமையை அவை தந்தன. அரசியல் சாசனத்தின் 253-வது ஷரத்து, உடன்படிக்கைகளை நிறைவேற்றச் சட்டம் இயற்றும் அதிகாரத்தைப் பாராளுமன்றத்துக்குத் தருகிறதேயன்றி, கையொப்பமிடும் முன் அதன் சம்மதத்தைப் பெறவேண்டும் என்று எங்கும் விதிக்கவில்லை. ஆகவே, இவ்வளவு பெரிய பொறுப்பை மந்திரிசபையும் அதிகாரிகளும் தாங்களாகவே ஏற்றுக்கொண்டார்கள். நாடு அதைப் பல ஆண்டுகள் கவனிக்கவுமில்லை.

கவனிக்க வைத்தது ஒரு சிறு தொகைக்கான வழக்கு. பிப்பர்வார் நிலக்கரிச் சுரங்கத்தை அமைத்துத் தர 1989-ல் கோல் இந்தியாவுடன் ஒப்பந்தம் செய்த ஒயிட் இண்டஸ்ட்ரீஸ் என்ற ஆஸ்திரேலியக் கம்பெனி, ஊக்கத்தொகை, அபராதம் பற்றிய தகராறில் 2002-ல் சுமார் 40 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு நடுவர் தீர்ப்புப் பெற்றது. அதை ரத்துச் செய்யக் கோரி கோல் இந்தியா கல்கத்தா உயர்நீதிமன்றத்துக்குச் சென்றது. நிறைவேற்றக் கோரி ஒயிட் டில்லி உயர்நீதிமன்றத்துக்குச் சென்றது. ரத்து மனுவைக் கல்கத்தா விசாரிக்கலாமா என்ற பூர்வாங்கக் கேள்வி 2004-ல் உச்சநீதிமன்றம் ஏறி, 2008-ல் மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டு, அங்கேயே தங்கிவிட்டது. பொறுமையிழந்த கம்பெனி இந்தியா மீதே வழக்குத் தொடுத்தது. 2011 நவம்பரில் தீர்ப்பளித்த நடுவர் குழு, நம் நீதிபதிகள்மேல் கெட்ட எண்ணம் கற்பிக்கவில்லை. நீதி மறுக்கப்பட்டது என்றும் சொல்லவில்லை. ஆனால், உரிமையை நிலைநாட்டப் பயனுள்ள வழி தரவேண்டும் என்ற வாக்குறுதி, ஒன்பது ஆண்டுத் தாமதத்தால் மீறப்பட்டது என்றது. அந்த வாக்குறுதி ஆஸ்திரேலிய உடன்படிக்கையில் இல்லை. குவைத்துடன் செய்ததில் இருந்தது. ஒரு நாட்டாருக்குத் தந்த சலுகை மற்றவருக்கும் உண்டு என்ற ஷரத்தின் வழியாக அது இங்கே வந்து சேர்ந்தது. எந்த முன்ஸீப் கோர்ட்டிலும் நாம் தினந்தோறும் பார்த்துச் சலித்த தாமதம், சர்வதேசச் சட்டத்தில் இழப்பீட்டுக்குரிய குற்றமாயிற்று.

வோடபோன் கம்பெனியின் வரி விவகாரத்தில் பிழை சட்டமியற்றும் மன்றத்தினுடையது. 2012 ஜனவரியில் உச்சநீதிமன்றம் வரி இல்லை என்று தீர்ப்பளித்த சில மாதங்களில், 1962 முதல் அமலாகும்படி முன்தேதியிட்டு வருமான வரிச் சட்டம் திருத்தப்பட்டது. நெதர்லாந்து உடன்படிக்கையின்கீழ் அமைந்த நடுவர் குழு 2020 செப்டம்பரில் இதை நியாயமற்ற நடத்தை என்றது. அதே திருத்தத்தின் பெயரால் வரி கேட்கப்பட்ட கெய்ர்ன் கம்பெனிக்குச் சாதகமாக அடுத்து வந்த தீர்ப்பு 120 கோடி டாலரும் வட்டியும் தரச்சொல்ல, அதை வசூலிப்பதற்காகப் பாரிஸிலுள்ள இந்திய அரசுச் சொத்துகள்மேல் பிரெஞ்சு நீதிமன்றத்தின் ஆணை பெறப்பட்டது. 2021 ஆகஸ்டில் பாராளுமன்றமே சட்டம் இயற்றி அந்த முன்தேதி வரிக் கோரிக்கைகளைக் கைவிட்டது.

தமிழ்நாட்டு வக்கீல்களுக்கு நெருக்கமானது நிஸான் வழக்கு. ஒரகடத்தில் மோட்டார் தொழிற்சாலை அமைக்க 2008-ல் மாநில அரசு செய்த ஒப்பந்தத்தின்படி ஊக்கச்சலுகைத் தொகை வந்துசேரவில்லை என்று, ஜப்பானுடனான பொருளாதார உடன்படிக்கையைக் காட்டி அந்தக் கம்பெனி 2017-ல் மத்திய அரசைப் பிரதிவாதியாக்கியது, 2020-ல் சமரசமாயிற்று. கையெழுத்திட்டது சென்னை, பதில் சொல்ல நேர்ந்தது டில்லி. உள்நாட்டு அதிகாரப் பங்கீட்டைக் காட்டி உடன்படிக்கைப் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்பது உடன்படிக்கைச் சட்டம் பற்றிய வியன்னா உடன்படிக்கையின் 27-வது ஷரத்து.

இந்த நடுவர் முறை குற்றமற்றது என்று நாம் வாதிடவில்லை. ஒரு வழக்கில் நடுவராய் அமர்ந்தவர் மற்றொன்றில் வக்கீலாய் நிற்கிறார். தீர்ப்பின் குணதோஷங்களை ஆராயும் மேல்முறையீடு இல்லை. வழக்கிடும் வாசல் முதலீட்டாளருக்கு மட்டுமே திறந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலான குறை வேறொன்று. ஒன்பது ஆண்டுத் தாமதத்துக்கு ஆஸ்திரேலியக் கம்பெனி பரிகாரம் பெற்றது; அதுபோன்ற சுரங்கங்களுக்கு நிலம் கொடுத்துவிட்டு இழப்பீட்டுக்காக அதைவிட நீண்ட காலம் கோர்ட்டு வாசலில் நிற்கும் குடியானவனுக்கு அத்தகைய பரிகாரம் எந்த உடன்படிக்கையிலும் இல்லை. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்பதே சட்ட ஆட்சியின் முதற்பாடமாயின், அந்நியன் மட்டும் விரைந்த நீதிக்குப் பாத்தியஸ்தனாகவும் சொந்தப் பிரஜை வாய்தாவுக்குப் பாத்தியஸ்தனாகவும் இருக்கும் நிலையை அந்தப் பெயரால் அழைக்க இயலாது.

அரசாங்கம் கண்ட பரிகாரம் 2015-ன் மாதிரி உடன்படிக்கை. அது வரி விவகாரங்களை விலக்கியது. ஒரு நாட்டின் சலுகையை மற்ற நாடு எடுத்துக்கொள்ளும் ஷரத்தை நீக்கியது. நடுவரிடம் போகும் முன் ஐந்து ஆண்டுகள் உள்நாட்டு நீதிமன்றங்களில் முயலவேண்டும் என்றது. ஐக்கிய அரபு அமீரகத்துடன் 2024-ல் செய்த உடன்படிக்கையில் அந்தக் காலம் மூன்று ஆண்டுகளாகக் குறைந்தது. இந்த ஏற்பாடு தக்கதே என்றாலும், அதன் முழுப் பாரமும் நம் நீதிமன்றங்களின்மேல் விழுகிறது. மூன்று ஆண்டுகளில் பூர்வாங்க ஆட்சேபணையைத் தாண்டாத வழக்கு எத்தனை என்பதை நம்மில் யாரும் கேட்டறிய வேண்டியதில்லை.

எனவே, நம் கருத்து இது: முதலீட்டு உடன்படிக்கை ஒவ்வொன்றும் கையொப்பத்துக்குப்பின் பாராளுமன்றத்தின் ஒப்புதல் பெற்ற பிறகே நடைமுறைக்கு வரவேண்டும், மாநிலத்தின் வாக்குறுதி உடன்படிக்கைப் பொறுப்பைத் தொடக்கூடிய இடங்களில் மத்திய, மாநில அரசுகள் முன்கூட்டியே கலந்துகொள்ளவேண்டும், அந்நியனுக்கு வாக்களித்த விரைவும் முன்தேதிச் சட்டங்களிலிருந்து பாதுகாப்பும் இந்நாட்டுப் பிரஜைக்கும் உள்நாட்டுச் சட்டத்தாலேயே கிடைக்கவேண்டும். முதல் இரண்டும் அரசாங்கத்தின் பொறுப்பு. மூன்றாவதில் சரிபாதி, தக்க காரணமின்றி வாய்தா கேட்கும் நம் பொறுப்பு.