பயணத்தில் பிள்ளையைத் தாகத்தோடு வைக்காதீர்கள்



தைப்பூசம், தீபாவளி, பள்ளி விடுமுறை என்று வந்துவிட்டால் தோட்டமே பயணம் கிளம்பிவிடுகிறது. நல்லதுதான். வருஷம் முழுக்கப் பால்மரத்திலும் செம்பனையிலும் பாடுபடுகிற நமக்குப் பத்துமலையும் தண்ணீர்மலையும் சொந்தக்காரர் வீடும் வேண்டாமா? போய் வாருங்கள். ஆனால் சின்னப் பிள்ளையோடு போகிறவர்களுக்கு ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம்மிடம் ஒரு பழக்கம் உண்டு. பஸ் ஏறும்போதே, "பிள்ளைக்குத் தண்ணி கொடுக்காதே, வழியிலே மூத்திரம் போகும், பஸ் நிக்காது" என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். மருமகளும் வாயை மூடிக்கொள்வாள். மூன்று மணி, நான்கு மணி நேரம் பிள்ளை நாக்கு வறண்டு கிடக்கும். இது தவறு. சில நேரம் உயிருக்கே ஆபத்து.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. தைப்பூசம் பார்த்துவிட்டு இரவு திரும்பிய ஒரு குடும்பம் என் கதவைத் தட்டியது. ஒன்றேகால் வயதுப் பிள்ளை. பகலெல்லாம் வெயிலில், கூட்டத்தில் இருந்திருக்கிறது. யாரோ கொடுத்த ஐஸ் போட்ட சிரப் தண்ணீரைக் குடித்திருக்கிறது. மத்தியானத்திலிருந்து நாலைந்து முறை பேதி. 'வயிறு காலியாக இருந்தால் நின்றுவிடும்' என்று பாலையும் நிறுத்தி, தண்ணீரையும் நிறுத்தியிருக்கிறார்கள். "வரும்போது தொந்தரவே கொடுக்கல ஐயா, நல்லா தூங்கிடுச்சு" என்றார் தகப்பனார்.

அது தூக்கம் அல்ல. கண் குழி விழுந்திருந்தது. உச்சிக்குழி உள்ளே அமுங்கியிருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு மெதுவாகத்தான் மறைந்தது. அழுகை வந்தது, கண்ணீர் வரவில்லை. பெம்பர்ஸ் மத்தியானம் கட்டியபடியே காய்ந்து கிடந்தது. உடனே வேனை எடுக்கச் சொல்லி, போகும் வழியெல்லாம் உப்புச் சீனித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே டிரிப் ஏற்றினார்கள். பிள்ளை பிழைத்தது. இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ, அதை நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

பேதியை நிறுத்துவதைவிட முக்கியம், போன தண்ணீரை உள்ளே கொடுப்பது. வெறும் தண்ணீர் போதாது. உப்பும் சீனியும் சரியான அளவில் சேர்ந்தால், பேதி போகும்போதும் குடல் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். 1971-ல் வங்காளதேசப் போரில் அகதிகள் இந்திய எல்லையில் வந்து குவிந்தபோது முகாம்களில் காலரா பரவியது. பொங்காவ் என்ற ஊரில் டிரிப் மருந்து தீர்ந்துபோகவே, டாக்டர் திலீப் மகலானாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார். தாய்மாரும் சொந்தக்காரருமே ஊட்டினார்கள். 100-க்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில், 4 பேருக்கும் கீழே குறைந்தது. அதே மருந்துதான் இன்று கடையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலமாகக் கிடைக்கிறது.

ஆகவே தாய்மார்களே, பயணப் பையில் துணிமணியோடு இவற்றையும் வையுங்கள்: கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு போத்தல், ஓ.ஆர்.எஸ். நாலு பொட்டலம், ஒரு கரண்டி, ஒரு கிண்ணம். பொட்டலத்தில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அவ்வளவுதான் கலக்க வேண்டும். பொட்டலம் இல்லாவிட்டால் 1 லிட்டர் தண்ணீருக்குத் தட்டையாக 6 தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடக்கூடாது. கலந்ததை ஒரு நாளுக்கு மேல் வைக்காதீர்கள்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளை நல்ல சுகமாக இருந்தால் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர் வேண்டாம். வெயில் நாளில் அடிக்கடி கொடுங்கள். அதற்கு மேற்பட்ட பிள்ளைக்குத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே வாருங்கள். பேதியானால், இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு முறை போனதும் 50 முதல் 100 மில்லி வரை ஓ.ஆர்.எஸ். கொடுக்கலாம். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, மறுபடியும் கரண்டியால் ஊட்டுங்கள். பாலை நிறுத்தாதீர்கள். பெரியவர்கள் சாப்பிடும் பேதி மாத்திரையை உடைத்துக் கொடுக்கவே கூடாது. ஆறு மணி நேரம் மூத்திரம் போகாவிட்டாலும், கண் குழி விழுந்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், எழுப்பினால் எழாமல் துவண்டு கிடந்தாலும் வீட்டுக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டாம். வழியில் இருக்கிற ஆஸ்பத்திரிக்கே போய்விடுங்கள்.

தாய்மாரை மட்டும் குறை சொல்லி முடிக்க நான் வரவில்லை. பஸ் நிற்காது என்ற பயத்தால்தானே தண்ணீரை மறுக்கிறார்கள்? தோட்டத்தில் பஸ் பிடிக்கும்போது வாடகையைப் பேசுகிறோம், ஏர்கோன் இருக்கா, பாட்டு இருக்கா என்று கேட்கிறோம். எத்தனை இடத்தில் நிறுத்துவாய் என்று யாராவது கேட்டிருக்கிறோமா? இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கட்டாயம் நிறுத்த வேண்டும் என்று கோயில் கமிட்டியும் சங்கக் கிளையும் முதலிலேயே பேசி முடிக்க வேண்டும். கொதித்து ஆறிய தண்ணீரும் பத்துப் பொட்டலம் ஓ.ஆர்.எஸ்ஸும் பஸ்ஸில் ஏற்றுவது கமிட்டியின் வேலை. இதற்கு ஆகும் செலவு மாலைக்கும் மேளத்துக்கும் ஆகிற செலவில் ஒரு மூலைக்குக் காணாது.

பஸ்ஸில் பிள்ளை துணியை நனைத்தால் முகம் சுளிக்காதீர்கள், தோழர்களே. நனைந்த துணியைத் துவைத்துக் காயப் போட்டுக்கொள்ளலாம். அந்த ஈரம் பிள்ளை நன்றாக இருக்கிறது என்பதற்கு அடையாளம்.