லேசா சத்தம் இருக்கட்டும்!

அப்பா ஓட்டிய 1978 மாடல் அம்பாசடரை மறுபடி ரோட்டில் இறக்க வேண்டும். மணவாள நகர் நண்பருக்குப் பல வருட ஆசை. 2014-ல் அம்பாசடர் உற்பத்தியே நின்றுவிட்டது. உதிரி பாகங்களுக்கு அலைந்து, சிலிண்டரை போர் பண்ணி, புது பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் போட்டதில் சேமிப்பில் பாதி கரைந்தது. ஸ்டார்ட் செய்தால், 'டிக் டிக் டிக்'!

“பேரிங் போச்சு சார். இன்ஜினை இறக்கணும்” என்றார் மெக்கானிக். இன்னொரு செலவுக்கு நண்பரிடம் தெம்பில்லை. எடைக்குப் போட்டுவிடலாமா என்றுகூட யோசித்துவிட்டார்.

பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர் இருக்கிறார். “தம்பி, ஸ்பேனரை எடுக்கிறதுக்கு முன்னாடி காதைக் கொடு” என்றபடி, நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டார். கீழே ஆயில் சம்ப் பக்கம் அமைதி. மேலே டப்பெட் கவரில் சத்தம் தெளிவாகக் கேட்டது. அடுத்து, பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். ராட் பேரிங் கோளாறு என்றால், அந்த சிலிண்டர் வேலை செய்யாதபோது சத்தம் குறையும். குறையவில்லை. ஆயில் பிரஷரும் சரியாக இருந்தது.

“டப்பெட் இடைவெளி. அவ்வளவுதான்!”

இன்ஜின் ஆறியதும் ஃபீலர் கேஜை எடுத்தார். இதற்கு 'ஒன்பது' கணக்கு உண்டு. எட்டாவது வால்வு முழுசாகத் திறந்திருக்கும்போது முதல் வால்வை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவதை. கூட்டினால் ஒன்பது! மூன்று வால்வுகளில் இடைவெளி அதிகமாக இருந்தது.

“இன்னும் டைட் பண்ணினா சத்தமே வராதே, அண்ணே?”

“வராது தம்பி. ஆனா சூட்டுல வால்வு நீளும். இடைவெளி இல்லேன்னா சரியா மூடாம எரிஞ்சுபோகும். லேசா சத்தம் இருக்கட்டும்.”

உங்கள் வீட்டிலும் பழைய கார் இருக்கிறதா? சத்தம் எங்கே, எப்போது வருகிறது என்று முதலில் கவனியுங்கள். மேலே லேசான 'டிக் டிக்' என்றால் டப்பெட்டாக இருக்கலாம். எக்ஸாஸ்ட் கேஸ்கட் கசிந்தாலும் அப்படியே கேட்கும். காலையில் தட்டி, சூடானதும் மறைந்தால் பிஸ்டனைப் பாருங்கள். மேட்டில் ஏறும்போது மட்டும் 'கிணிகிணி' என்றால் டைமிங்கைச் சரிபார்க்க வேண்டும். அடியில் கனமாக 'டொக் டொக்' என்று கேட்டு, ஆயில் பிரஷரும் இறங்கினால் உடனே ஆஃப் செய்துவிடுங்கள். அப்போதுதான் இன்ஜினை இறக்கும் வேலை.

மறு ஞாயிறு, நண்பர் அம்மாவை அதே காரில் திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போனார். வழியில் அம்மா சொன்னாராம்: “உங்கப்பா தெருமுனையில திரும்பும்போது கேக்குமே, அதே சத்தம்டா!”