பாக்கத்தில் மனை வாங்குவோர்க்கு

ஈஞ்சம்பாக்கத்திலும் பனையூரிலும் கடல்நோக்கி வளமனை எழுப்புவோர் வாயிற்பலகையில் ஆங்கிலப் பெயர் பொறிக்கின்றனர். பாக்கமென்பது நெய்தனில மக்கள் தம் ஊர்க்கிட்ட பழம்பெயரன்றோ! பெயர்க்கேட்டையேனும் ஒருவாறு பொறுக்கலாம். வலையுலர்த்தவும் மீன்காயவைக்கவும் கட்டுமரமேற்றவும் மீனவர் வழிவழி ஆண்ட மணல்வெளிக்கு அரசேட்டில் என்ன பெயர்? புறம்போக்கு! நேற்று வந்தவர் மனைக்கு ஆவணமுண்டு. தலைமுறையாய் வாழ்ந்தவர்க்குக் கடலுக்குச் செல்லும் வழியுமில்லை.

1991ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, உயரலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர்வரை கட்டடங்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது. 2004இல் ஆழிப்பேரலை அதன் தேவையை உணர்த்திற்று. ஆயினும் 2019ஆம் ஆண்டு அறிவிக்கை, மக்கள் நெருக்கமிக்க ஊர்ப்புறங்களில் கட்டடத்தடை எல்லையை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கிவிட்டது. குடிசைக்காரர்க்கோ வளமனைக்காரர்க்கோ இச் சலுகை?

மனை வாங்கும் தமிழரே! கையெழுத்திடுமுன் குப்பத்துப் பெரியவரைக் கண்டு, படகிறக்கும் வழி எதுவென்று கேளுங்கள். அவ்வழியை மறித்து மதிலெழுப்பாதீர்.